கட்டைவிரல் எலும்பு துருத்தி வலிக்கிறதா? கத்தி வைக்காமல் என்ன செய்யலாம்

ஏற்காட்டில் ஆசிரியை வேலை, வயது 47. நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நின்றபடி பாடம், வீட்டுக்கும் பள்ளிக்கும் ஏற்றமும் இறக்கமுமாக நடை. வலது காலின் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துவிட்டது. அதன் அடிமூட்டு உள்பக்கமாகத் துருத்தி நிற்கிறது. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் அந்த இடம் சிவந்து எரிகிறது. ஆன்லைனில் வாங்கிய பட்டையை இரண்டு மாதம் ராத்திரியில் கட்டிப் படுத்தும் விரல் நேராகவில்லை. ஆபரேஷன் இல்லாமல் இதைச் சரி செய்ய முடியுமா, பத்தாவது படிக்கும் மகளுக்கும் இதே மாதிரி ஆரம்பிக்கிறதே, என்ன செய்வது? இவ்வளவும் நீங்கள் கேட்டது.

'சரி செய்வது' என்பதில் இரண்டு விஷயம் இருக்கிறது. சாய்ந்த எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவது ஒன்று. அதற்கு ஆபரேஷனை விட்டால் வழியில்லை. பட்டை, எண்ணெய், பயிற்சி எதுவும் அதைச் செய்யாது. வலி இல்லாமல் நடப்பது இன்னொன்று. அது பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே கிடைக்கிறது. சேலத்தில் இருபத்திரண்டு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். இந்தப் பிரச்சினையோடு வந்தவர்களில் ஷூவை மாற்றியவர்களுக்கு வலி குறைந்தது. மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஷூவை மட்டும் விடாமல் வைத்திருந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இதைப் 'பனியன்' என்பார்கள். "டாக்டர் பனியன்னு சொன்னார், எதுக்கு பனியன்னு புரியலை" என்று சின்னக்கடை வீதியிலிருந்து வந்த ஒரு பாட்டி என்னிடம் கேட்டது உண்டு. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? மருத்துவச் சீட்டில் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்று இருக்கும். நம் ஊரில் பலரும் இதைக் கால் ஆணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கால் ஆணி தோல் தடித்துப்போவது. இது எலும்பு இடம் மாறுவது. அந்தக் குழப்பத்தால் வரும் ஒரு ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

துருத்தி நிற்பது புதிதாக வளர்ந்த எலும்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், "அதை மட்டும் ராவி எடுத்துவிட முடியாதா" என்கிறார்கள். பெரும்பாலும் அது வளர்ச்சியே இல்லை. கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது மெல்ல மெல்ல மற்றக் கால் இருக்கும் பக்கமாக விலகுகிறது; அதன் முனையில் இருக்கும் கட்டைவிரலோ எதிர்ப்பக்கம், இரண்டாவது விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு மடங்கிய முழங்கை மாதிரி ஆகிவிடுகிறது. நீங்கள் தொட்டுப் பார்க்கும் முட்டு அந்த முழங்கையின் முனை, அதாவது ஏற்கெனவே இருந்த எலும்பின் தலை. அதன்மேல் தோலுக்கு அடியில் திரவம் நிறைந்த ஒரு சிறு பை உண்டு. ஷூ அதில் தேய்த்துக்கொண்டே இருந்தால் பை வீங்கிச் சிவக்கிறது. சாயங்காலம் எரிகிறது என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

ஒரு தடவை சாயத் தொடங்கினால் அது தானாகவே மேலும் சாயும் என்பதுதான் இதில் மோசமான பகுதி. விரலை நேராக இழுத்துப் பிடிக்கும் தசைநார்கள் இப்போது வில்லின் நாண் மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகின்றன. நீங்கள் ஒவ்வொரு தடவை விரலை ஊன்றும்போதும் அவை விரலை இன்னும் கொஞ்சம் இரண்டாவது விரல் பக்கம் இழுக்கின்றன. ராத்திரி எட்டு மணி நேரம் பட்டை கட்டிவிட்டுப் பகலில் பதினாறு மணி நேரம் இந்த நாண் இழுத்தால் எது ஜெயிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஷூ போட்டதால்தான் வந்ததா? பாதி ஆம். ஹாங்காங்கில் 1958-ல் வெளியான ஓர் ஆய்வில் ஷூ அணிந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு இந்தச் சாய்வு இருந்தது. வெறுங்காலோடு இருந்தவர்களில் 1.9 சதவீதத்தினருக்குத்தான். ஆனால் வெறுங்காலோடு இருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம். குடும்பத்தில் வருவது, தட்டைப் பாதம், மூட்டுகள் இயல்பாகவே தளர்ந்து இருப்பது, முடக்குவாதம், எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பெண்களுக்கு அதிகம்.

என் அம்மா இதற்கு நேரடிச் சாட்சி. சேலத்தில் குகை என்ற பகுதியில் தறிக்காரக் குடும்பம். குழித்தறியில் காலை உள்ளே விட்டு மிதியை மிதித்தபடி முப்பது வருடம் நெய்தவர். கடைவீதிக்குப் போனால்தான் காலில் ரப்பர் செருப்பு. அவருக்கு இரண்டு காலிலும் முட்டு இருந்தது, எங்கள் பாட்டிக்கும் இருந்ததாம். ஆனால் வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. அறுபது வயதில் சர்க்கரை வந்தது. நான் அப்போதுதான் படித்து முடித்த புதுசு. பாதத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று நல்ல விலை கொடுத்து மூடிய தோல் ஷூ வாங்கிக் கொடுத்தேன், அவருடைய செருப்பின் நம்பரைப் பார்த்து. மூன்றே வாரத்தில் முட்டின்மேல் கொப்புளம். முப்பது வருடம் வலிக்காத எலும்பை வலிக்க வைத்தது நான் வாங்கிக் கொடுத்த ஷூ. கொப்புளம் ஆற ஒரு மாதம் ஆனது, சர்க்கரை வேறு. அன்றைக்குப் புரிந்தது, நம்பர் என்பது நீளத்துக்கு மட்டும்தான். அகலத்தை யாரும் கேட்பதே இல்லை.

அதனால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சாயங்காலம், நாள் முழுக்க நின்ற பிறகு, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது. வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, வெறுங்காலை அதன்மேல் ஊன்றி, முழு எடையையும் அந்தக் காலில் கொடுத்து நில்லுங்கள். மகளைக் கூப்பிட்டு, பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறிவிடும், கோடும் தப்பாகிவிடும். இப்போது பள்ளிக்குப் போடும் ஷூவை அந்தப் படத்தின்மேல் வையுங்கள். முட்டு இருக்கும் இடத்தில் பென்சில் கோடு ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா? போன மாதம் வந்த ஒரு துணிக்கடை ஊழியருக்கு இதைச் செய்தோம். பாதம் ஒன்பதரை சென்டிமீட்டர் அகலம், ஷூவின் அடிப்பகுதி எட்டு. ஒன்றரை சென்டிமீட்டர் கால் எங்கே போகும்? எலும்பின்மேல்தான் ஏறும். அந்தப் பெண் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தத் தாள் புரியவைத்தது. இரண்டு காலையும் வரையுங்கள், இரண்டும் ஒரே அளவில் இருக்காது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

புது ஷூ எப்படி இருக்க வேண்டும்? முன்பக்கம் கூம்பாக இல்லாமல், விரல்கள் விரிந்து படுக்க இடம் விட்டு அகலமாக. நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி. முட்டு படும் இடத்தில் தையல், பக்கிள், அலங்காரப் பட்டை எதுவும் வரக் கூடாது. வலை மாதிரித் துணியோ மெல்லிய தோலோ இருந்தால் நல்லது. குதிகால் உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், உயர்ந்தால் உடம்பு எடை முழுவதும் முன்பாதத்துக்கு வந்துவிடும். நம் கடைகளில் பெண்களுக்கான ஷூ பெரும்பாலும் ஒடுக்கமாகத்தான் வருகிறது. வெட்கப்படாமல் ஆண்கள் பகுதிக்குப் போய்ச் சின்ன நம்பரில் ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுப் பாருங்கள். ஆண்கள் ஷூவின் அச்சு பொதுவாகவே அகலம். புடவைக்கு எடுக்காது என்பீர்கள். பள்ளியில் எடுக்கும்படியான கறுப்பு நிறத்தில் கிடைக்கிறது. "போடப் போட விரியும்" என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஷூவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஷூ விரிவதற்குள் கால்தான் நசுங்கும்.

இருக்கிற ஷூ நல்ல தோல் ஷூ, முட்டு ஒன்றுதான் இடிக்கிறது என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அந்த ஒரு இடத்தை மட்டும் விரித்துத் தரச் சொல்லலாம். முட்டு எங்கே படுகிறது என்று ஷூவின்மேல் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுங்கள். தோலை ஈரமாக்கி, உள்ளே கால் வடிவக் கட்டையைச் செருகி ஒரு ராத்திரி விட்டுத் தருவார். ரெக்சின் என்றால் விரியாது, வெடிக்கும். லேஸ் ஷூவாக இருந்தால் இன்னும் சுலபம்: முட்டுக்கு நேராக வரும் ஓட்டையில் லேஸ் கோக்காமல் விட்டுவிட்டு அடுத்த ஓட்டைக்குப் போய்விடுங்கள். காசு செலவே இல்லை.

செருப்பு என்றால் எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பரில் செய்த செருப்பு நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுப்பதாயிற்றே என்று தயங்குகிறார்கள். மெத்தென்ற அந்த ரப்பர் யார் காலுக்கும் மெத்தென்றுதான் இருக்கும். பின்பட்டை வைத்ததாக வாங்குங்கள். பின்பட்டை இல்லாத செருப்பு கழன்றுவிடாமல் இருக்க நாம் விரல்களை மடக்கி மடக்கிப் பிடித்தபடி நடக்கிறோம், அது இந்தக் காலுக்கு ஆகாது. கட்டைவிரலுக்கு என்று தனி வளையம் வைத்த தோல் செருப்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு அந்த வளையமே முட்டில் உரசும். போட்டு நடந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நீங்கள் இருப்பது ஏற்காடு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் சமதளம் என்று எது இருக்கிறது? ஏறும்போது கட்டைவிரல் மூட்டு நன்றாக மடங்குகிறது, இறங்கும்போது முழுப் பாதமும் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி விரல்கள் முனையில் முட்டுகின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு இறக்கம்தான் எதிரி. கிளம்புமுன் குதிகாலை ஷூவின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பொருத்திவிட்டு, கணுக்கால் பக்கம் இருக்கும் மேல் ஓட்டைகளில் லேஸை இறுக்கமாகவும், விரல் பக்கம் தளர்வாகவும் கட்டுங்கள். கால் முன்னால் சறுக்காது. செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக, சின்ன அடியாக. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழக்கத்திலேயே வந்திருக்கும். அவர்களுக்கு வேறு தொல்லை, மழைக்காலத்து ரப்பர் பூட். காலை எந்தப் பக்கமும் விடாமல் அது பிடித்துக்கொள்ளும். ஒரு நம்பர் பெரிதாக வாங்கி உள்ளே மெத்தை போட்டுக்கொண்டால் கொஞ்சம் தேவலை.

இன்னொன்று, மார்கழிக் குளிர். டிசம்பர், ஜனவரியில் மேலிருந்து வருகிறவர்கள் "குளிர் வந்தால் எலும்பு வலி கூடுகிறது" என்பார்கள். குளிரில் மூட்டு விறைப்பது உண்மை. ஆனால் காலைப் பார்த்தால், வெயில் காலத்தில் போட்ட அதே ஷூவுக்குள் தடித்த கம்பளி சாக்ஸ்! சாக்ஸ் எடுத்துக்கொண்ட இடம் காலிடமிருந்து போன இடம்தானே. குளிருக்குத் தனி ஷூ, அல்லது மெல்லிய சாக்ஸ்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்தது மெத்தைகள். முட்டின்மேல் மாட்டும் சிலிக்கான் உறை, நடுவில் ஓட்டை உள்ள வட்டமான பஞ்சு, இவை உரசலைக் குறைக்கும். ஆனால் ஷூவில் இடம் இருந்தால்தான். இறுக்கமான ஷூவுக்குள் மெத்தை வைப்பது, நிரம்பி வழியும் பஸ்ஸில் இன்னொருவரை ஏற்றுவது. விரல்களுக்கு நடுவே வைக்கும் சிலிக்கான் துண்டு, கட்டைவிரலும் பக்கத்து விரலும் உரசுவதைத் தடுக்கும். முதல் நாள் அரை மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பெரிய துண்டாக வாங்கிவிடாதீர்கள், இரண்டாவது விரல் மூன்றாவதைத் தள்ளும், அது நான்காவதைத் தள்ளும்.

நீங்கள் வாங்கிய ராத்திரிப் பட்டை வீண் என்று சொல்ல மாட்டேன். கட்டியிருக்கும்போது விரல் இழுபட்டுச் சுகமாக இருக்கும், காலையில் விறைப்பு குறைவாக இருக்கும். அந்தச் சுகத்துக்காகக் கட்டிக்கொள்ளுங்கள், நேராக்கும் என்று கட்டாதீர்கள். விளம்பரத்தில் 'முன்', 'பின்' என்று இரண்டு கால் படம் போடுகிறார்களே, பின் படத்தில் பட்டை கட்டியபடி எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாதத்தின் வளைவைத் தாங்க ஷூவுக்குள் வைக்கும் உள்தகடு இன்னொரு வழி. தட்டைப் பாதம் இருந்தால் அது பயன்படும். பின்லாந்தில் 209 பேரை ஆபரேஷன், உள்தகடு, சும்மா காத்திருப்பது என்று மூன்று பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2001-ல் வந்தது. ஆறு மாதத்தில் உள்தகடு போட்டவர்களுக்கும் வலி குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை, ஆபரேஷன் செய்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு உள்தகடு விற்பது நியாயமில்லை.

பயிற்சிக்கு வருவோம். கோணம் மாறும் என்பதற்காக அல்ல, மூட்டு விறைக்காமல் இருக்கவும், பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகள் வேலையை மறக்காமல் இருக்கவும். மூன்றே மூன்று சொல்கிறேன், அதற்கு மேல் கொடுத்தால் யாரும் செய்வதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள். விரல்கள் எல்லாவற்றையும் தூக்குங்கள். முதலில் சுண்டுவிரலைத் தரையில் வையுங்கள், பிறகு கட்டைவிரலை மற்ற விரல்களை விட்டு விலக்கியபடி வையுங்கள். படிக்கச் சுலபம், செய்து பாருங்கள்! முதல் வாரம் கட்டைவிரல் உங்கள் பேச்சைக் கேட்கவே கேட்காது. கையால் கொஞ்சம் உதவி செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாள் அது தானாக லேசாக அசையும். இரண்டாவது, விரல்களை மடக்காமல், முன்பாதத்தைக் குதிகால் பக்கமாக உள்ளே இழுத்து, பாதத்தின் வளைவை உயர்த்தி ஐந்து விநாடி வைத்திருப்பது, பத்து தடவை. ஸ்டாஃப் ரூமில் மேஜைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் செய்யலாம். மூன்றாவது கெண்டைக்கால். சுவரைப் பிடித்து ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலை நீட்டி, அரை நிமிடம். கெண்டைக்கால் இறுகியிருந்தால் நடக்கும்போது குதிகால் சீக்கிரம் எழுந்து, பாரம் முன்பாதத்தில்தான் விழும். மலையில் நடப்பவர்களுக்கு இது இறுகித்தான் இருக்கும்.

இரண்டு கட்டைவிரலையும் ஒரு தடித்த ரப்பர் பேண்டில் மாட்டி, குதிகாலைச் சேர்த்து வைத்துப் பாதங்களை விரிப்பதும் உண்டு. சுகமாக இருந்தால் செய்யுங்கள், மூட்டுக்குள் குத்தினால் விட்டுவிடுங்கள்.

சிவந்து வீங்கிய நாளில் பயிற்சி வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் பத்து, பதினைந்து நிமிடம், நாளில் இரண்டு மூன்று தடவை. டைக்ளோபெனாக் ஜெல்லை மேலே தடவலாம். வலி மாத்திரையை நாலு நாளைக்கு மேல் நீங்களாக நீட்டாதீர்கள். வயிற்றுப்புண், பிரஷர், சிறுநீரகத் தொல்லை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கை வைத்தியம் பற்றியும் நிறைய பேர் கேட்பார்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைப்பது விறைப்புக்கு இதம்தான், சிவந்திருக்கும்போது மட்டும் வேண்டாம். எருக்கிலையைச் செங்கல் சூட்டில் வைத்து மிதிப்பது குதிகாலுக்கு வழக்கம். அதை இங்கே கொண்டுவராதீர்கள், எருக்கம்பால் பட்டால் தோல் புண்ணாகும். சர்க்கரை இருந்து காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எந்தச் சூடும் கூடாது, வெந்தது தெரியாமலே வெந்துபோகும். எண்ணெய் போட்டு இழுத்து 'எலும்பை உள்ளே தள்ளுகிறேன்' என்பவரிடம் காலைக் கொடுக்காதீர்கள். மூட்டு நழுவிக் கிடக்கவில்லை, தள்ளி உட்கார வைக்க. வருடக்கணக்கில் மெல்லச் சாய்ந்தது அது.

கால் ஆணிக் குழப்பம் என்று முன்பே சொன்னேனே, அது இது. முட்டின்மேல் தோல் தடித்திருப்பதைப் பார்த்து மருந்துக்கடையில் கால் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம், தோலைக் கரைக்கும் சரக்கு. கால் ஆணியில் தடித்த தோலைக் கரைக்கிறது, சரி. இங்கே மெல்லிய தோலுக்கு நேர் கீழே வீங்கிய பை, அதற்குக் கீழே எலும்பு. புண் வந்தால் ஆழமாகத்தான் வரும். சர்க்கரை நோயாளிக்கு இது விரலையே இழக்கும் பாதை.

வீட்டுக்குள் இரண்டு விஷயம். கோலம் போடக் குந்தி உட்காரும்போது முன்பாதம் முழுக்க மடங்கி, உடம்பு பாரம் அந்த மூட்டில் இறங்குகிறது. ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று மெட்டி. கட்டைவிரல் சாய்ந்து வந்து இரண்டாவது விரலை நெருக்கும்போது நடுவில் வெள்ளி வளையம் இருந்தால், இரண்டு விரலுக்கும் தோல் உரிகிறது. சேலத்தில் மெட்டியைக் கழற்றச் சொல்வது சாதாரணப் பேச்சு இல்லை என்று எனக்கும் தெரியும். கழற்றச் சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்கிறவர்களிடம் போனால், முத்தும் பூவும் இல்லாத தட்டையான மெல்லிய கம்பியாக, வாய் திறந்ததாகச் செய்து தருவார்கள். விரல் வீங்கினால் விரித்துக்கொள்ளலாம். இப்போது போட்டிருப்பது கழலவே மாட்டேன் என்கிறது என்றால் அதை இன்றே கவனியுங்கள்.

எல்லா வலியும் இந்தச் சாய்வால் வருவதில்லை. ராத்திரியில் திடீரென்று, போர்வை பட்டாலே கத்தும்படி மூட்டு சிவந்து கொதித்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாக இருக்கலாம். அதற்குப் பிடித்தமான மூட்டே இதுதான். வலி இருக்கும் நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் சாதாரணமாகக் காட்டவும் செய்யும், அதனால் ஒரே ஒரு டெஸ்டைப் பார்த்து இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கை விரல்களும் சேர்ந்து காலையில் ஒரு மணி நேரம் விறைத்தால் முடக்குவாதம் பார்க்க வேண்டும். விரல் சாயவே இல்லை, ஆனால் மேலே மடக்க முடியவில்லை என்றால் மூட்டுத் தேய்மானம். அதற்கு வளையாத, கெட்டியான அடி உள்ள ஷூதான் உதவும்.

சர்க்கரையோடு புண், முட்டின்மேல் தோல் உடைந்து நீர் வடிவது, மரத்துப்போவது, இரண்டாவது விரல் கட்டைவிரல்மேல் ஏறிக்கொள்வது, இவற்றில் எது இருந்தாலும் எலும்பு டாக்டரிடம் போங்கள். கீழே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எலும்புப் பிரிவு இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்தபடி எடுத்தால் பாரம் இறங்காது, சாய்வு குறைவாகத் தெரியும். கட்டைவிரல் சாயும் கோணம் 15 டிகிரிக்குள் இருந்தால் சாதாரணம், 20 வரை லேசானது, 40-க்கு மேல் போனால் கடுமையானது. ஆனால் கோணமும் வலியும் கைகோத்து நடப்பதில்லை. 35 டிகிரியில் சிரித்துக்கொண்டு நடப்பவர்களும் உண்டு, 18-ல் அழுபவர்களும் உண்டு. ஆபரேஷன் முடிவை வலி எடுக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் செய்துகொள்ளாதீர்கள்: சில வாரம் சிறப்புச் செருப்போடு நடை, வீக்கம் முழுக்க வடிய மாதக்கணக்கு, சிலருக்குத் திரும்பவும் சாய்வது, எல்லாம் உண்டு. அதே சமயம், அகலமான ஷூ, மெத்தை, பயிற்சி எல்லாம் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் தினசரி நடை வலிக்கிறது என்றால் ஆபரேஷனுக்குப் பயந்து காலம் தள்ளுவதும் சரியில்லை. அது தோல்வி ஒன்றும் இல்லை.

மகள் விஷயம். குடும்பத்தில் ஓடுவதால் அவளுக்கும் வருவதில் ஆச்சரியமில்லை. எலும்பு வளர்ந்து முடியாத வயதில் ஆபரேஷன் செய்தால் மறுபடி சாயும் வாய்ப்பு அதிகம், அதனால் பொதுவாகக் காத்திருப்பார்கள். பாதம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்: காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் ஊன்றி எடுத்தால் நடுவில் வளைவு தெரிய வேண்டும், முழுப் பாதமும் பதிந்தால் ஒரு தடவை காட்டுங்கள். இந்தியாவில் 2,300 குழந்தைகளைப் பார்த்த 1992-ம் வருட ஆய்வில், செருப்பு ஷூ போட்ட பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் திரிந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு. வீட்டுக்குள்ளாவது அவள் வெறுங்காலோடு இருக்கட்டும்.

பள்ளிக் கறுப்பு ஷூ ஜூனில் வாங்கியதாக இருக்கும். இந்த வயதில் கால் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கலாம், ஷூ வளராது. உங்கள் காலை அவள் வரைந்து முடித்ததும் தாளைத் திருப்பிப் போட்டு அவள் காலை நீங்கள் வரையுங்கள். கோடு வெளியே வந்தால் அடுத்த ஜூன் வரை காத்திருக்காமல் இந்தச் சனிக்கிழமையே கீழே இறங்குங்கள், தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு. கடையில் நம்பர் சொல்ல வேண்டாம், தாளைக் கொடுத்து அதன்மேல் ஷூவை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.